இரண்டு அப்பாக்களும் ஒரு பனிவண்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படிங்க.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குளிர்காலம் வந்தால் ஊருக்கு ஊர் ஒரு விநோதமான ஊர்வலம் நடக்கும். தலையில் ஹெல்மெட், கையில் கனமான உறை, உடம்பு முழுக்கப் பஞ்சுப்பொதி மாதிரி உடை. இந்தக் கோலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஸ்னோமொபைல் எனும் பனிவண்டியில் ஏறி உட்கார்ந்து காட்டுப் பாதையில் கிளம்புவார்கள். முன்பக்கம் இரண்டு சறுக்குப் பலகை, பின்பக்கம் டேங்க் சக்கரம் மாதிரி சுற்றும் ரப்பர் பட்டை. இவ்வளவுதான் வண்டி.

இந்த ஊர்வலத்தின் பெயர் ஸ்னோவராமா. கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே ஓட்டுகிறவர் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போவார். "நான் இந்தப் பயணத்தை முடிக்கிறேன், நீங்க எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டு எழுதி வாங்குவார். பக்கத்து வீடு, மளிகைக்கடை, வேலை பார்க்கிற இடம், எதுவும் பாக்கி இல்லை. சேரும் பணம் ஈஸ்டர் சீல்ஸ் என்ற தொண்டு அமைப்புக்குப் போகும். உடல் இயக்கக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சக்கர நாற்காலி வாங்கவும், அவர்களுக்கான கோடைக்கால முகாம்களை நடத்தவும் அது உதவும்.

"சரி டாக்டர், பனின்னா ஃப்ரீசர்ல மட்டும் பார்க்கற நமக்கு இந்தக் கதை எதுக்கு?"

நியாயமான கேள்விதான். இந்த ஊர்வலத்துக்குள் ரெண்டு பிள்ளைகளின் மரணம் இருக்கு. ஒன்று அந்த வண்டியின் கதையில். இன்னொன்று அந்தப் பணம் போய்ச் சேரும் அமைப்பின் கதையில். இரண்டு பிள்ளைகளுக்கும் பக்கத்தில் தகுந்த ஆஸ்பத்திரி கிடைக்கவில்லை. அந்த இரண்டு அப்பாக்களும் அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் அப்பா: ஜோசப்-அர்மான் பொம்பார்டியே.

பிறந்தது 1907-ல், கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வால்கூர் என்ற சிற்றூருக்கு அருகில். சின்ன வயசிலேயே இயந்திரப் பைத்தியம். 15 வயதில், 1922-ம் ஆண்டின் கடைசி நாட்களில், பழைய ஃபோர்டு கார் எஞ்சினையும் விமானத்துக்கு இருப்பது போன்ற ஒரு விசிறியையும் சறுக்குவண்டியில் பொருத்திப் பனியில் ஓட்டிக் காட்டினார். விசிறி யார் கழுத்தையாவது சீவிவிடும் என்று பயந்த அப்பா அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். நம்ம ஊர் அப்பாவாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அன்றைய கியூபெக் கிராமங்களில் குளிர்காலம் என்றால் வாழ்க்கையே நின்றுபோகும். சாலையில் பனி ஆள் உயரத்துக்குக் கிடக்கும். அதை அள்ளிப்போட யாரும் கிடையாது. கார் வைத்திருப்பவர்கள் அதைக் கொட்டகையில் ஏற்றி வைத்துவிட்டு, அடுத்த வசந்தம் வரைக்கும் குதிரை இழுக்கும் சறுக்குவண்டிதான்.

1934-ம் ஆண்டின் குளிர்காலம். பொம்பார்டியேவின் இரண்டு வயது மகன் ஈவோனுக்குக் குடல்வால் அழற்சி. நாம் அப்பென்டிசைட்டிஸ் என்று சொல்வது. ஆஸ்பத்திரி இருந்தது ஷெர்ப்ரூக் நகரத்தில், சுமார் 50 கிலோமீட்டர் தூரம். சாலை முழுக்கப் பனி. பனியில் ஓடும் வண்டிக்காகப் பல ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக்கிடம் தன் பிள்ளையைக் கொண்டுபோக ஒரு வண்டி இல்லை. குழந்தை இறந்துபோனான்.

இந்த இடத்தில் ஒரு டாக்டராகச் சில வரிகள் சொல்லியே ஆகணும்.

இரண்டு வயதுக் குழந்தைக்குக் குடல்வால் அழற்சி வருவது அபூர்வம். வந்தால் ஆபத்து அதிகம். "எனக்கு இங்க வலிக்குது" என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அழும், வாந்தி எடுக்கும், காய்ச்சல் வரும். பார்க்கிறவர்களுக்கு வயிற்றுக் கோளாறு மாதிரியே இருக்கும். பெரியவர்களின் வயிற்றுக்குள் கொழுப்பாலான ஒரு திரை உண்டு. குடல்வால் வெடித்தால் அது ஓடிவந்து போர்வை மாதிரி சுற்றி, சீழ் பரவாமல் கொஞ்சமாவது தடுக்கும். சின்னக் குழந்தைகளுக்கு அந்தத் திரை இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது. அதனால் வெடித்த வேகத்தில் வயிறு முழுக்கச் சீழ் பரவிவிடும். இந்த வயதில் நோயைக் கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் குடல்வால் வெடித்திருக்கும்.

பென்சிலின் மருத்துவமனைகளில் பரவலாகக் கிடைத்தது 1940-களில்தான். 1934-ல் அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே வழி சீக்கிரம் கத்தி வைப்பது. அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரணும். அந்த 50 கிலோமீட்டர்தான் பிள்ளைக்கும் உயிருக்கும் நடுவில் கிடந்தது.

(அப்படியே ஒரு அவசரக் குறிப்பு. குழந்தைக்கு வயிற்றுவலியோடு காய்ச்சலும் வாந்தியும் இருந்தால், வயிற்றைத் தொடவே விடாமல் அழுதால், விளக்கெண்ணெய், பேதி மருந்து எதுவும் கொடுக்காதீங்க. நேராக மருத்துவரிடம் தூக்கிட்டுப் போங்க. நமக்கு சாலையில் பனி கிடையாது. தாமதத்துக்கு அந்தக் காரணமும் நம்மிடம் இல்லை.)

மகன் போனபின் பொம்பார்டியே வேலையை விடவில்லை. பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்து சுற்றி, வண்டியைப் பனியில் புதையாமல் தள்ளும் ஓர் அமைப்பை உருவாக்கினார். 1937-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்துச் செய்த வண்டியின் பெயர் பி7. பொம்பார்டியேவின் பி, உட்காரக்கூடியவர்கள் 7 பேர். அதை முதலில் வாங்கியவர்களில் கிராமத்து டாக்டர்கள் இருந்தார்கள். பிறகு 12 பேர் உட்காரும் பி12 வந்தது. ஆம்புலன்ஸாக, தபால் வண்டியாக, பயணிகள் வண்டியாக அது கனடாவின் பனி மாகாணங்களில் ஓடியது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நாம் விளையாட்டுப் பனிவண்டிக்கே வந்திருக்க மாட்டோம். நடுவில் ஒரு முக்கியமான திருப்பம் இருக்கு.

1948-ல் கியூபெக் அரசு கிராமத்துச் சாலைகளிலும் பனியை அகற்ற முடிவெடுத்தது. சாலை சுத்தமானதும் ஜனங்கள் குளிர்காலத்திலும் தங்கள் காரையே ஓட்ட ஆரம்பித்தார்கள். பெரிய பனிவண்டியின் விற்பனை சரிந்தது. பொம்பார்டியேவின் கம்பெனிக்கு நஷ்டம். ஆனால் ஒரு டாக்டராக எனக்கு இந்தச் செய்தியில் சந்தோஷம்தான். ஈவோன் மாதிரி ஒரு குழந்தைக்கு இனிமேல் விசேஷ வண்டி தேவையில்லை, சாதாரண காரே போதும் என்று ஆனது. ஒரு தனிமனிதர் துக்கத்தில் தேடிய தீர்வை, அரசாங்கம் சாலையைத் துடைத்து எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. இந்த விஷயத்தை ஞாபகம் வைச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

பொம்பார்டியே சும்மா இருக்கவில்லை. காட்டு வேலைக்கும் சுரங்க வேலைக்கும் வண்டிகள் செய்தார். சின்ன எஞ்சின்கள் கிடைக்க ஆரம்பித்ததும், ஓரிருவர் மட்டும் உட்காரும் குட்டி வண்டியை 1959-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார். நாய்கள் இழுக்கும் வண்டிக்குப் பதிலாக வந்தது என்பதால் ஸ்கி-டாக் என்று பெயர் வைத்ததாகவும், அச்சுப்பிழையில் அது ஸ்கி-டூ ஆகிவிட்டதாகவும் சொல்வார்கள். வட ஒன்டாரியோவின் காட்டுக்குள் பூர்வகுடி மக்களிடையே பணிசெய்த தன் பாதிரியார் நண்பர் ஒருவருக்கு ஆரம்ப வண்டிகளில் ஒன்றைக் கொடுத்தார். 1964-ல், 56 வயதில், புற்றுநோயால் இறந்துபோனார். அதற்குள் அந்தக் குட்டி வண்டி கனடாவின் குளிர்கால விளையாட்டாகவே ஆகியிருந்தது.

இப்போது இரண்டாவது அப்பா. இதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும். அதே 1907. நாடு மட்டும் வேறு, அமெரிக்கா.

ஒஹையோ மாநிலத்தில் எலிரியா என்ற ஊர். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே மாத விடுமுறை நாளில் இரண்டு டிராம் வண்டிகள் மோதிக்கொண்டன. பலர் செத்துப்போனார்கள். அதில் ஒருவன் ஹோமர். எட்கர் ஆலன் என்ற மர வியாபாரியின் மகன். அடிபட்டவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்த ஊரில் தகுந்த ஆஸ்பத்திரி இல்லை.

ஆலன் தன் வியாபாரத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகப் பணம் திரட்ட ஆரம்பித்தார். மறுவருஷமே, 1908-ல், எலிரியாவில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அந்த வேலையில் இறங்கியபின் அவர் கண்ணில் பட்டது வேறொரு கூட்டம். கால் வளைந்த, முதுகு கூனிய, நடக்க முடியாத குழந்தைகள். வெளியுலகம் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். சிகிச்சை செய்தால் நடக்கக்கூடிய குழந்தைகளும் அதில் இருந்தார்கள். 1915-ல் அவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை உருவானது. ரோட்டரி சங்கத்தினர் தோள்கொடுக்க, 1919-ல் இந்த முயற்சி ஒரு சங்கமாகத் திரண்டது. அந்தக் குழந்தைகள் அவரை "டாடி ஆலன்" என்றே கூப்பிட்டார்கள். இந்த எண்ணம் எல்லை தாண்டி ஒன்டாரியோவுக்கும் போனது. 1922-ல் அங்கேயும் ரோட்டரிக்காரர்கள் முன்நின்று ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

ஈஸ்டர் சீல்ஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இது நமக்கும் கொஞ்சம் பழக்கமான விஷயம்தான். ஸ்கூலில் காந்தி ஜெயந்தியை ஒட்டி, காசநோய் ஒழிப்புக்கென்று ஒரு குட்டி ஸ்டாம்பு விற்பார்களே, ஞாபகம் இருக்கா? தபாலுக்குச் செல்லாது, சும்மா ஒட்டிக்கொள்ளலாம். அந்த யோசனை 1904-ல் டென்மார்க்கில் ஒரு தபால் ஊழியர் கண்டுபிடித்தது. காசநோய்க்குக் கிறிஸ்துமஸ் ஸ்டாம்பு என்றால், நடக்க முடியாத குழந்தைகளுக்கு ஈஸ்டர் ஸ்டாம்பு. ஆலனின் சங்கம் அதை முதன்முதலில் வெளியிட்ட ஆண்டு 1934.

ஆமாம், ஈவோன் இறந்த அதே 1934. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு அப்பாக்களின் கதையும் ஒரே ஆண்டில் திரும்புகிறது.

1937-ஐயும் பாருங்க. பொம்பார்டியேவுக்குக் காப்புரிமை கிடைத்த அந்த வருஷக் கோடையில் ஒன்டாரியோவை போலியோ தாக்கியது. 2,500-க்கும் அதிகமானவர்களுக்கு நோய். மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தைகளுக்காக டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இரும்பு நுரையீரல் இயந்திரங்களை அவசர அவசரமாகச் செய்தார்கள். பிழைத்த பல குழந்தைகளுக்குக் காலில் இரும்புத் தாங்கி. அவர்களுக்கு உதவ யார் இருந்தார்கள் என்றால், இந்த மாதிரிச் சங்கங்கள்தான். 1955-ல் தடுப்பூசி வந்தபின் போலியோ அடங்கியது. பெருமூளை வாதம், தசைச் சிதைவு நோய், பிறவியிலேயே தண்டுவடம் மூடாத குறைபாடு என்று வேறு குழந்தைகள் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

சரி, இந்த ரெண்டு கதையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது யார்?

ஒரு மல்யுத்த வீரர்! பட்டப்பெயர் விப்பர் பில்லி வாட்சன். இயற்பெயர் வில்லியம் பாட்ஸ். 1915-ல் டொரண்டோ பக்கம் பிறந்தவர். 1947-லும் 1956-லும் உலக சாம்பியன் பட்டம் வென்றவர். டொரண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கை நிறைத்த மனிதர். அங்கே அவர் பெயர் தெரியாத வீடே கிடையாது.

மேடையில் இருந்த காலத்திலேயே ஈஸ்டர் சீல்ஸுக்காகப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். 1971-ல் ஒருநாள் தன் காரின் பின்னால் நின்று டிக்கியில் பொருளை வைத்துக்கொண்டிருந்தபோது இன்னொரு கார் வந்து மோதியது. கால் கிட்டத்தட்டத் துண்டாகும் நிலை. டாக்டர்கள் காலைக் காப்பாற்றினார்கள். மல்யுத்த வாழ்க்கை அன்றோடு முடிந்தது. அதுவரை நடக்க முடியாத குழந்தைகளுக்காகப் பேசியவர், நடக்கச் சிரமப்படுவது என்றால் என்ன என்று சொந்த உடம்பில் தெரிந்துகொண்டார்.

1970-களின் நடுப்பகுதியில், பனிவண்டி மோகம் உச்சத்தில் இருந்த காலத்தில், அவர் முன்னெடுத்ததுதான் ஸ்னோவராமா. கிராமத்துக்குக் கிராமம் பனிவண்டிச் சங்கம் இருக்கு, வண்டி இருக்கு, சும்மா சுற்றுகிறார்கள். அந்தச் சுற்றலை ஒரு காரணத்தோடு சுற்றினால் என்ன? இதுதான் யோசனை. இன்றைக்கு ஒன்டாரியோவில் சுமார் 30,000 கிலோமீட்டர் பனிவண்டிப் பாதை இருக்கு. அதைப் பெரும்பாலும் பராமரிப்பதே இந்தச் சங்கங்களின் தொண்டர்கள்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். பனிவண்டி பொம்மை கிடையாது. 200 கிலோவுக்கு மேல் எடை, 100 கிலோமீட்டர் வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும். மரத்தில் மோதி, மெல்லிய ஐஸ் உடைந்து ஏரிக்குள் விழுந்து, குடித்துவிட்டு இரவில் ஓட்டி, ஆண்டுதோறும் ஆட்கள் சாகிறார்கள். பிழைக்கிறவர்களில் சிலர் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக ஓடுகிற வண்டியே ஒருவரை மாற்றுத்திறனாளி ஆக்கவும் முடியும். பராமரித்த பாதை, பகல் வெளிச்சம், கூட்டமாகப் போவது, குடிக்காமல் ஓட்டுவது. இதெல்லாம் அங்கே உயிர் காக்கும் விஷயங்கள்.

பணம் போய்ச் சேரும் முகாம் எப்படி இருக்கும்?

ஒன்டாரியோவின் பெர்த் ஊருக்கு அருகே பிக் ரிடோ ஏரிக்கரையில் மெரிவுட் என்ற முகாம். லண்டன் (இங்கிலாந்து இல்லை, ஒன்டாரியோவிலேயே ஒரு லண்டன் இருக்கு) பக்கத்தில் வுட்ஈடன் என்ற முகாம். சக்கர நாற்காலி போகும் பாதை, ஏறி இறங்க வசதியுள்ள நீச்சல்குளம், உடல் அமைப்புக்கு ஏற்ப மாற்றிய படகு. ஊட்டிவிட, குளிப்பாட்ட, கழிப்பறைக்குக் கூட்டிப்போகப் பயிற்சி பெற்ற இளைஞர்கள். மாத்திரை, வலிப்பு, வயிற்றுக் குழாய் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள நர்ஸ்கள். ஒரு குழந்தைக்கு இத்தனை கைகள் வேணும் என்பதால்தான் இந்த முகாம்களுக்குச் செலவு அதிகம்.

ஸ்கூலில் அந்தக் குழந்தைதான் வகுப்பிலேயே ஒரே ஒரு சக்கர நாற்காலி. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முகாமில் பக்கத்துக் கட்டிலிலும் ஒரு நாற்காலி, எதிர்க் கட்டிலிலும் ஒரு நாற்காலி. யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ராத்திரி விளக்கணைத்த பிறகும் அரட்டை அடித்துத் திட்டு வாங்கலாம். அம்மா பக்கத்தில் இல்லாமல் பத்து நாள் இருந்து பார்க்கலாம். இதை எந்த மருந்துச்சீட்டிலும் எழுதிக் கொடுக்க முடியாது.

அந்தப் பத்து நாளில் வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? அம்மா தூங்குவார். படுக்கைப்புண் வராமல் இருக்க ராத்திரியில் இரண்டு மணிக்கொருமுறை பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைக்கிற அம்மாவிடம், "கடைசியா எப்பம்மா முழுசாத் தூங்கினீங்க?" என்று கேட்டுப் பாருங்க. பதில் வருவதற்குள் கண் கலங்கிவிடும்.

இப்போ உங்களுக்கு ஒரு சந்தேகம் வரணும். கனடாவில்தான் மருத்துவம் இலவசமாச்சே, இதுக்கு எதுக்கு வீடு வீடாப் போய் வசூல்?

1966-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அங்கே டாக்டர் செலவையும் ஆஸ்பத்திரிச் செலவையும் அரசு ஏற்கிறது. ஆனால் குழந்தை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபின் உள்ள வாழ்க்கை அதில் முழுசாக அடங்காது. சக்கர நாற்காலி போன்ற பல சாதனங்களுக்கு ஒன்டாரியோ அரசு 75 சதவீதம் தருகிறது. மீதி 25 சதவீதம் குடும்பத்தின் தலையில். மோட்டார் நாற்காலி என்றால் அந்தக் கால் பங்கே பெரிய தொகை. வீட்டு வாசலுக்குச் சாய்தளம், காரில் நாற்காலி ஏற்றும் வசதி என்று செலவு தனியாக வளரும். முகாம் மருத்துவக் கணக்கிலேயே வராது. பனிவண்டிக்காரர்கள் நோட்டை நீட்டுவது இந்த இடைவெளிக்காகத்தான்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1947-லிருந்து ஒன்டாரியோவில் ஆண்டுக்கு ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து "டிம்மி" என்று பெயர் சூட்டி, பிரச்சாரத்தின் முகமாக நிறுத்தினார்கள். வாட்சனும் டிம்மிகளும் சேர்ந்து நிற்கும் படங்கள் பிரபலம். பணம் கொட்டியது. ஆனால் வளர்ந்து ஆளான மாற்றுத்திறனாளிகள் பிற்காலத்தில் கேட்டார்கள்: "எங்களைப் பரிதாபமாகக் காட்டினால்தான் காசு வருமா? அந்தப் படத்தைப் பார்த்த முதலாளி நாளைக்கு எனக்கு வேலை கொடுப்பாரா?" நியாயமான கேள்வி. சங்கத்தின் பெயரில் இருந்த "முடமான குழந்தைகள்" என்ற சொல்லே காலப்போக்கில் போய்விட்டது. நாமும் ஊனமுற்றோர் என்பதை விட்டு மாற்றுத்திறனாளி என்ற சொல்லுக்கு வந்திருக்கோம். பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு வாசல்படி மாறியிருக்கா என்பதை உங்க ஊர் பேங்க்கையும் பஸ் ஸ்டாண்டையும் பார்த்துச் சொல்லுங்க.

1948-ஐ ஞாபகம் வைக்கச் சொன்னேன் இல்லையா? பொம்பார்டியேவின் வண்டி அருமையான வண்டி. ஆனால் அதை வாங்க முடிந்த ஊருக்கு மட்டும்தான் அது உயிர் காத்தது. சாலையில் பனியை அள்ளிய பிறகுதான் எல்லா ஊர்க் குழந்தைக்கும் வழி திறந்தது. நன்கொடையும் அப்படித்தான். நாற்காலிக்கான பணம் வரும் வரைக்கும் குழந்தை வளராமல் காத்திருக்காது, அதனால் நன்கொடை இன்றைக்கு வேணும். கூடவே, சாலையை எப்போ துடைப்பீங்க என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டும் இருக்கணும். ஆலன் ரெண்டையும் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டினார், கூடவே இந்தக் குழந்தைகளைக் கவனிக்க அரசு சட்டம் இயற்றணும் என்றும் வாதாடினார்.

நம்மிடம் பனிவண்டி இல்லை. ஆனால் உங்க தெருவிலேயே அப்படி ஒரு குழந்தை இருக்கும், அதன் பின்னால் தூங்காத ஒரு அம்மா இருப்பார். பணம் வேணுமா என்று கேட்பதற்கு முன்னால் இப்படிக் கேட்டுப் பாருங்க: "அக்கா, ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் தம்பியை நான் பார்த்துக்கறேன். எப்படித் தூக்கணும், எப்படி ஊட்டணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

முதல் தடவை நம்ப மாட்டாங்க. அடுத்த வாரமும் போய்க் கேளுங்க.